வாடகை கட்டினால் போதுமா? லண்டன் அலொட்மென்ட் பற்றி ஒரு கேள்வியும் நீண்டுபோன பதிலும்

கேள்வி, 2024 மார்ச் 9

மூன்று வருஷம் காத்திருந்து உள்ளூர்க் கவுன்சிலிடமிருந்து ஒரு அலொட்மென்ட், அதாவது காய்கறி போட வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு, கிடைத்திருக்கிறது. வெளி லண்டன். பதினைந்து பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள், யார் இருந்து வாசிப்பது? வாடகையை நேரத்துக்குக் கட்டினால் போதும், மற்றபடி ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று மச்சான் சொல்கிறார். பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு மற்றப் பாதியில் நல்ல ஷெட் ஒன்று அடித்து, பத்துக் கோழியும் ஒரு சேவலும் விடலாம் என்று யோசனை. மிளகாய், கீரை மிஞ்சினால் தெரிந்த கடைக்குப் போடலாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

2024 மார்ச் 9, இரவு

மச்சான் சொன்னதைக் கேட்டு ஷெட் வாங்கிவிடாதீர்கள்.

எனக்கு இது ஏழாவது வருஷம். எங்கள் வளவில், அதாவது துண்டுகள் எல்லாம் சேர்ந்த இடத்தில், வாடகை கட்டாமல் துண்டு பறிபோன ஒருவரையும் நான் அறியேன். கொத்தாமல் விட்டுப் பறிகொடுத்தவர்கள் ஆறேழு பேரை அறிவேன், அதில் இரண்டு பேர் நம்மவர்கள். வாடகை சின்னக் காசு. என் அரைத் துண்டுக்குத் தண்ணீரும் சேர்த்து வருஷத்துக்கு 78 பவுண். மிச்ச வாடகையை முதுகு கட்டுகிறது.

உங்கள் கேள்விகளுக்கு வருவோம். பாதியை மச்சானுக்குக் கொடுக்க முடியாது, அது உள்வாடகை. அவர் வந்து கூடமாட நின்று கொத்தலாம், போகும்போது கோவாவும் கரட்டும் கொண்டுபோகலாம். ஆனால் துண்டு உங்கள் பேரில், கடிதம் உங்கள் பேருக்கு, குற்றமும் உங்கள் தலையில். சில கவுன்சில்கள் இரண்டு பேரைக் கூட்டாகப் போட்டு எழுதும். கேட்பதானால் கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்.

கடைக்குப் போடுவதை மறந்துவிடுங்கள். அலொட்மென்ட் தோட்டம் என்றால் என்ன என்று 1922 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது: 40 போலுக்கு மேற்படாத நிலம், அதை எடுத்தவர் தானும் தன் குடும்பமும் உண்பதற்காக, முழுக்கவோ பெரும்பாலுமோ, காய்கறியும் பழமும் விளைவிக்கும் இடம். ஒரு மிளகாய் விற்றாலும் பிழைதான்.

ஷெட்டுக்கு அளவு உண்டு. எங்களுக்கு 6 அடிக்கு 8 அடி, அடியில் கொங்கிறீற் போடக்கூடாது, கம்பளிபோல எழுத்தில் அனுமதி கையில் இருக்க வேண்டும். கோழி பெரிய கதை, பிறகு தனியாக எழுதுகிறேன்.

விதியை மீறினால் ஒரு மாத நோட்டீஸில் வெளியே. ஆகவே பதினைந்து பக்கத்தையும் வாசியுங்கள். நான் முதல் வருஷம் வாசிக்கவில்லை. அதனால்தான் இப்போது இவ்வளவு விவரமாகப் பேசுகிறேன்.

2024 மார்ச் 10

மேலே "கம்பளிபோல" என்று விழுந்திருப்பது போன் செய்த வேலை. "கட்டாயம்" என்று வாசிக்கவும்.

2024 மார்ச் 10, மாலை

போல் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். போல், றொட், பேர்ச் மூன்றும் ஒன்றே. நீளம் ஐந்தரை யார். சதுரமாக எடுத்தால் 272¼ சதுர அடி. ஊரில் காணி வாங்கி விற்றவர்களுக்கு இந்த எண்ணைக் கண்டதும் பொறி தட்டும். நம்மூர்ப் பேர்ச் இதுவேதான், வெள்ளைக்காரன் அளந்துவிட்டு விட்டுப்போனது.

இங்கே பழைய வழக்கப்படி முழுத் துண்டு 10 றொட், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் 10 பேர்ச் ஒரு பரப்பு. அப்படியென்றால் முழுத் துண்டு என்பது சரியாக ஒரு பரப்பு. 160 றொட் ஓர் ஏக்கர், 16 பரப்பு ஓர் ஏக்கர், கணக்கு பிசகாது. இது எனக்கு விளங்க நாலு வருஷம் எடுத்தது. அதுவரை சதுர மீற்றரில் யோசித்துக்கொண்டு, எவ்வளவு விதை வேண்டும், எத்தனை பாத்தி வரும் என்று தெரியாமல் தடுமாறினேன். "அரைப் பரப்பு" என்றதும் எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

(வயல் பரப்பு வேறு கணக்கு, ஏக்கருக்கு 24 வரும். சண்டைக்கு வராதீர்கள், நான் தோட்டக்காணியைச் சொல்கிறேன்.)

2024 மார்ச் 16

ஒரு மாத நோட்டீஸ் என்று நான் பொத்தாம்பொதுவில் எழுதியது அரைப் பிழை. ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துவிட்டார்.

சும்மா எழும்பு என்று கவுன்சில் சொல்ல முடியாது. சாதாரணமாக அவர்கள் பன்னிரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுவும் ஏப்ரல் 6 அல்லது அதற்கு முன் முடிய வேண்டும், இல்லாவிட்டால் செப்டம்பர் 29 அல்லது அதற்குப் பின். நடுவில், மண்ணில் பயிர் நிற்கும் காலத்தில், முடியக்கூடாது. 1922 சட்டத்தில் ஆறு மாதமாக இருந்ததை 1950 இல் பன்னிரண்டாக்கினார்கள். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் தக்காளிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதக் கணக்கு 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறது, மூன்று காரணங்களுக்கு. வாடகை 40 நாளோ அதற்கு மேலோ பாக்கி நின்றால். குத்தகை தொடங்கி மூன்று மாதம் கழிந்த பிறகும் விதிகளின்படி நடக்காவிட்டால். மூன்றாவது, அந்த வட்டாரத்தை விட்டு ஒரு மைலுக்கு மேல் வெளியே போய்க் குடியிருந்தால். மூன்றாவதை நம்மவர்கள் கவனியுங்கள். வீடு மாறிவிட்டுப் பழைய முகவரியிலேயே அலொட்மென்டை வைத்திருக்கும் ஆட்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன், இதை அவர்களும் வாசிக்கிறார்கள்.

2024 மார்ச் 29

பெரிய வெள்ளி. இந்த ஊர் வழக்கப்படி இன்றைக்கு உருளைக்கிழங்கு நட வேண்டும். மண் சேறாகக் கிடக்கிறது. லண்டன் களிமண்ணுக்கு இரண்டு நிலைதான், ஒன்று சேறு, மற்றது செங்கல். நடுவில் ஒரு வாரம் மண்ணாக இருக்கும், அந்த வாரம் நமக்கு வேலை நாள். செம்மண்ணில் மழை விட்டு இரண்டு மணித்தியாலத்தில் மண்வெட்டி போட்ட கைக்கு இது பெரிய தண்டனை.

நட முடியாததால் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்த கதையை எழுதுகிறேன்.

2019 யூன், யூலை. அப்பாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனேன். ஏழு வாரம். ஒருவரிடமும் சொல்லவில்லை. போகும்போது துண்டு அழகாக இருந்தது, வெங்காயம் குண்டு குண்டாக நின்றது, என்ன பயம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கதவடியில் கடிதம்: துண்டு பராமரிக்கப்படவில்லை, 28 நாளுக்குள் திருத்தாவிட்டால் குத்தகை முடிவுக்கு வரும். கோபம் உச்சிக்கு ஏறியது. அப்பா ஆஸ்பத்திரியில், நீங்கள் புல்லுக்கு நோட்டீஸ் அனுப்புகிறீர்களா என்று வளவைப் பார்த்துக்கொள்ளும் அலொட்மென்ட் சங்கத்தின் செயலாளருக்கு ஃபோன் எடுத்துக் கத்தினேன்.

அந்த அம்மா திருப்பிக் கத்தவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வளவுக்கு வா என்றார். போனேன். என் துண்டைப் பார்க்கவே விடவில்லை, நேரே பக்கத்துத் துண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எண்பதை நெருங்கிய ஐரிஷ்காரர் ஒருவருடையது. அவருடைய ராஸ்ப்பெரி வரிசையில் என் பக்கமிருந்து போன பைண்ட்வீட் என்ற களைக்கொடி ஏறி, இலை தெரியாமல் சுற்றி, வெள்ளைப் பூவும் பூத்திருந்தது. மனிதர் சின்னக் கத்தரிக்கோலுடன் ஸ்டூலில் இருந்து ஒவ்வொரு சுற்றாக வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "ஊரில் அப்பா எப்படி?" என்று கேட்டார்.

அந்த 28 நாளும் வேலை விட்டு நேரே வளவுக்குத்தான் போனேன்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகிறேன், முதுகு பிடித்துவிட்டது, பிள்ளைக்குச் சோதனை, எதுவாக இருந்தாலும் சங்கத்துக்கு ஒரு வரி ஈமெயில் போட்டுவிடுவேன். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொறுப்பார்கள். சொல்லாமல் போனவனுடைய துண்டைத்தான் ஒழுங்கையில் போகிற பரிசோதகர் படம் எடுக்கிறார்.

2024 ஏப்ரல் 7

"எவ்வளவு கொத்தினால் கொத்தியதாகக் கணக்கு?" நல்ல கேள்வி. கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். என்னுடையதில் முதல் மூன்று மாதத்துக்குள் கால்வாசி, முதல் வருஷ முடிவுக்குள் முக்கால்வாசி. ஷெட், நடைபாதை, கூட்டெரு எல்லாம் மற்றக் கால்வாசிக்குள் அடங்க வேண்டும். கறுப்புப் பொலித்தீன் விரித்து மூடி வைத்தால் "கொத்தியது" ஆகாது, ஒரு பருவம் பொறுப்பார்கள், அவ்வளவுதான்.

பைண்ட்வீட்டை மண்வெட்டியால் கொத்தாதீர்கள். அதன் வேர் இடியப்பத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு, வெள்ளை வெளேரென்று இருக்கும், தொட்டவுடன் ஒடியும். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுக் கொடி. நான் முதல் வருஷம் வீரமாக மண்வெட்டி போட்டு ஒரு கொடியை முந்நூறாக்கினேன். ஃபோர்க்கால் மண்ணைக் கிளப்பி, இருந்த இடத்திலேயே இருந்து, விரலால் இழுத்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் கூட்டெருவில் போடக்கூடாது. வாளித் தண்ணீரில் ஒரு மாதம் அழுக விடுங்கள். மணம் தாங்காது, ஆனால் சாகும்.

2024 ஏப்ரல் 8

துண்டு கையில் கிடைத்த அன்றே நாலு மூலையிலும் நின்று படம் எடுத்துச் செயலாளருக்கு அனுப்புங்கள். நேற்று எழுத மறந்துவிட்டேன், இதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டியது. எனக்கு முன் இருந்தவர் களையை அடக்கப் பழைய கம்பளம் விரித்திருந்தார். அதன்மேல் மண் ஏறி, புல் முளைத்து, அதன்மேல் இன்னொரு கம்பளம். மூன்று அடுக்கு. கடைசி அடுக்கில் சிவப்புப் பூப்போட்ட வரவேற்பறைக் கம்பளம், நூல் நூலாகப் பிய்ந்து மண்ணோடு மண்ணாக. இப்போது பல ஒப்பந்தங்களில் கம்பளத்துக்குத் தடை. அது என்னுடையதல்ல என்று காட்ட என்னிடம் படம் இல்லை. குப்பைக் கொள்கலன் எடுத்த செலவு இரண்டு வருஷ வாடகைக்கு மேல்.

2024 யூன் 15

கோழி.

முதலில் நல்ல செய்தி. 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்க உரிமை தருகிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும். போர்க்காலத் தட்டுப்பாட்டை மறக்காத ஆட்கள் எழுதிய சட்டம். வியாபாரத்துக்காக இருக்கக்கூடாது, சுகாதாரக் கேடோ அயலுக்குத் தொல்லையோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

கெட்ட செய்தி: சட்டம் சொல்வது பெட்டைக்கோழி. சேவல் அதில் இல்லை. காலை நாலரைக்கு உங்கள் சேவல் கூவினால் வேலியோரத்து வீட்டுக்காரர் எட்டு மணிக்குக் கவுன்சிலுக்கு ஃபோன் எடுப்பார். முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்று மச்சானுக்கு யாராவது சொல்லுங்கள்.

அதைவிட, பத்துக் கோழி வேண்டாம். காலை திறக்க வேண்டும், இருட்டும் முன் அடைக்க வேண்டும், 365 நாளும். நத்தார் அன்றும் தைப்பொங்கல் அன்றும். எங்கள் வளவில் ஓர் அக்கா ஆறு கோழி வைத்திருந்தார். ஒரு நாள் பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் நேரம் போய்விட்டது. லண்டன் நரி ஒரு நாள் பிந்தியதற்கு ஆறையும் எடுத்தது. தின்றது ஒன்றை. மற்ற ஐந்தையும் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அக்கா அதற்குப் பிறகு லீக்ஸ் நடுகிறார்.

2024 யூன் 16

இந்த வருஷம் மழை நிற்கவேயில்லை, ஓடில்லாத நத்தை அடித்துத் தின்கிறது. நேற்று வைத்த போஞ்சிக் கன்று இருபதில் இன்று நாலு. நீல உருண்டை மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெட்டல்டிஹைட் உள்ளதை வெளித்தோட்டத்தில் போட 2022 மார்ச் முடிவிலிருந்து தடை. பழைய பக்கெற் ஷெட்டில் கிடந்தாலும் போடாதீர்கள். இப்போது கடையில் உள்ளவை இரும்பு பொஸ்பேட், அதைப் போடலாம். நான் இரவு பத்து மணிக்கு ரோர்ச்சும் வாளியுமாகப் போகிறேன். பொலிஸ் ஒரு முறை நிறுத்திக் கேட்டார்கள். வாளியைக் காட்டினேன், போகச் சொன்னார்கள்.

2024 யூலை 21

தண்ணீர் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் வளவுச் சண்டையில் பாதி தண்ணீராலேயே வருகிறது.

எங்களுக்கு ஹோஸ் பைப் கூடாது. ஆறு துண்டுக்கு ஒரு தொட்டி, தொட்டியில் வாளியை முக்கி எடுக்கலாம். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை குழாயைப் பூட்டிவிடுவார்கள், உறைந்து வெடிக்காமல். சாதாரண வருஷத்தில் இது போதும்.

2022 சாதாரண வருஷம் இல்லை. யூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 பாகை அடித்த கோடை அது. தொட்டி நிரம்புவதற்குள் ஆளுக்கு ஆள் அள்ளி, பின்னேரம் வேலை விட்டு வருகிறவனுக்கு அடிச்சேறு மட்டும். இரண்டு பேர் கைகலப்புக்குக் கிட்டப் போனார்கள். அந்த நேரம் அம்மா ஊரிலிருந்து வந்து நின்றா. ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எத்தினை பரப்பு?"

"அரைப் பரப்பு, அம்மா."

"காணி உறுதி ஆரின்ரை பேரிலை?"

"உறுதி இல்லை. வருஷக் குத்தகை."

அம்மா ஆப்பிள் கன்றைப் பார்த்தா. "குத்தகைக் காணியிலை ஏன்ரா மரம் வைச்சனி?"

ஒப்பந்தத்தில் மரத்துக்கு என்று ஒரு முழுப் பந்தி இருக்கிறது, குள்ள ரகம் மட்டும், எல்லையிலிருந்து இவ்வளவு தூரம் என்று. அம்மா அதை வாசிக்காமலே ஒரு வரியில் முடித்துவிட்டா. (அம்மாவுக்குச் சொல்லாத ஒன்று: துண்டை விடும்போது நான் வைத்த பழமரத்தையும் பற்றையையும் கிளப்பிக்கொண்டு போக 1922 சட்டம் விடுகிறது. குத்தகை முடியும் முன் கிளப்பி, கிடங்கை மூடிவிட வேண்டும்.)

பிறகு தொட்டியடியில் நின்ற வரிசையைப் பார்த்தா. எங்கள் ஊர்க் கிணறு நாலு பங்கு. யாருக்கு என்ன நாள் இறைப்பு என்பது முறைப்படி, வழிவாய்க்கால் உறுதியிலேயே எழுதியிருக்கும். "இதுக்கு ஒரு முறை வைச்சால் என்ன?" என்றா. அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் நான் அதைச் சொன்னேன். ஒற்றை எண் துண்டுகளுக்கு ஒரு நாள், இரட்டைக்கு மறுநாள். எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பில் "யாழ்ப்பாண முறை" என்று பதிந்தார்கள், அதன் எழுத்துக்கூட்டலில் மூன்று பிழையுடன்.

முறை நன்றாகத்தான் ஓடியது. சில வாரத்தில் மழை வந்து எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

2024 ஓகஸ்ட் 11

மார்ச் 9 இல் "ஒரு மிளகாய் விற்றாலும் பிழை" என்று எழுதினேன். அடித்துப் பேசிவிட்டேன். நேற்று எங்கள் வளவின் திறந்த நாள், வாசலில் மேசை போட்டுச் சீமைப்பூசணியும் பீற்றூட்டும் நானே நின்று விற்றேன். காசு சங்கத்துக்கு, புல்வெட்டி திருத்த. அப்போதுதான் நான் எழுதியது ஞாபகம் வந்து வெட்கமாகப் போய்விட்டது.

சட்டம் சொல்வது "முழுக்கவோ பெரும்பாலுமோ" சொந்தச் சாப்பாட்டுக்கு. மிஞ்சியதில் கொஞ்சம் கைமாறுவதை அந்த வரி தடுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தங்கள் வியாபாரத்தைத் தடுக்கும், மிச்சத்தை விற்கலாமா என்பதும் அங்கேதான் இருக்கும். கடைக்கு வாராவாரம் பெட்டி பெட்டியாகப் போடுவது எந்தப் பக்கம் பார்த்தாலும் வியாபாரம். அந்தப் பதில் மாறவில்லை.

இன்னொன்று. தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் பிளைட் நோய் வந்துவிட்டது. இலையில் கபிலப் பொட்டு, இரண்டு நாளில் தண்டு கறுத்துவிடும். கண்டவுடன் பிடுங்குங்கள். இன்னும் நாலு காய் பழுக்கட்டும் என்று வைத்திருந்தால் அது காற்றில் வளவு முழுக்கப் போகும். பிடுங்கியதை எரிக்கலாமா என்று கேட்பீர்கள். எங்கள் வளவில் நெருப்பே கூடாது. வேறிடங்களில் சில மாதங்களுக்கு விடுவார்கள், அங்கும் புகை வீடுகளுக்குப் போனால் பிரச்சினை. நான் பையில் கட்டி வீட்டுக் குப்பையில் போட்டேன்.

2024 ஒக்டோபர் 6

கோழிக்காரருக்கு: இந்த மாதம் 1 ஆம் திகதியிலிருந்து இங்கிலாந்தில் ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். பறவைக் காய்ச்சலுக்காக. முன்பு ஐம்பதோ அதற்கு மேலோ என்றால்தான் கட்டாயம். காசு இல்லை, படிவம் மட்டும்.

குதிரைச் சாணம் வாங்கும் காலமும் இது. லொறியோடு வாங்கும் முன் ஒரு சட்டியில் போட்டு நாலு போஞ்சி விதை ஊன்றிப் பாருங்கள். குதிரை தின்னும் புல்லுக்கு அடித்த அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி குதிரை வயிற்றிலும் சாகாமல் சாணத்தில் வரும். 2008 இல் நாடு முழுக்க அலொட்மென்ட்காரர் அழுதது இதனால்தான். 2018 இல் என் போஞ்சி இலை பன்னச்செடிபோலச் சுருண்டது. நான் நாவூறு என்று நினைத்தேன், மிளகாய் சுற்றினேன். உண்மையாகத்தான்.

2024 நவம்பர் 3

கிளாஸ்கோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நான் மேலே எழுதிய சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்துக்கு 2015 இல் தனிச்சட்டம் வந்தது, துண்டு 250 சதுர மீற்றர் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒருவரும் காத்திருக்காமல் பார்க்கக் கவுன்சில் முயல வேண்டும் என்றும் இருக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

லண்டனுக்குள்ளும் பேதம் உண்டு. 1908 சட்டப்படி ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் கவுன்சில் அதைக் கருத்தில் எடுக்க வேண்டும், தேவை இருப்பதாகக் கண்டால் நிலம் கொடுக்க வேண்டிய கடமை வரும். உள் லண்டன் பரோக்களுக்கு, அதாவது அங்குள்ள கவுன்சில்களுக்கு, அந்தக் கடமை இல்லை, 1963 சட்டம் எடுத்துவிட்டது. அங்கே இருக்கிறவர்கள் ஆறு பேரைச் சேர்த்து வீணாக அலையாதீர்கள்.

எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: உங்கள் வளவு நிரந்தரமா, தற்காலிகமா? அலொட்மென்டுக்கென்றே வாங்கிய நிலமென்றால் 1925 சட்டத்தின் 8 ஆம் பிரிவு காக்கும், அமைச்சரின் சம்மதம் இல்லாமல் கவுன்சில் விற்க முடியாது. வேறு தேவைக்கு வாங்கி இப்போதைக்குத் தோட்டமாக விட்ட நிலமென்றால் அந்தக் காப்பு இல்லை. இரண்டு வகைக்கும் வாடகை ஒன்றுதான், வேலியும் ஒன்றுதான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சங்கத்தில் பழைய ஆள் யாரையாவது கேளுங்கள்.

2025 ஏப்ரல் 27

பக்கத்துத் துண்டு ஐரிஷ்காரர் போன மாதம் காலமாகிவிட்டார். நாற்பத்தொரு வருஷம் அந்தத் துண்டை வைத்திருந்தவர். என் ருபார்ப் அவர் தந்த கிழங்கு. (இலையைச் சமைத்துவிடாதீர்கள், நஞ்சு, தண்டு மட்டும். நம்மவர்களுக்கு இலை என்று ஒன்றைக் கண்டால் சுண்டத் தோன்றும்.)

அவருடைய மகள் வந்து துண்டைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டா. எங்கள் ஒப்பந்தத்தில் குத்தகை ஆளோடு முடிகிறது. கணவன் மனைவிக்கு மட்டும் சலுகை, பிள்ளைக்கு இல்லை. பட்டியலில் பதிந்து காத்திருக்கச் சொன்னார்கள். ராஸ்ப்பெரி முடியும் வரை, செப்டம்பர் கடைசி வரை, பறிக்க விட்டார்கள்.

அன்றைக்கு எனக்குச் சங்கத்தின் மேல் கோபம்தான் வந்தது. நாற்பத்தொரு வருஷம் ஒருவர் எருப் போட்டுக் கறுப்பாக்கிய மண். பிறகு செயலாளர் பட்டியலைத் திறந்து காட்டினார். 2020 இல் பதிந்த பேர்கள் இன்னும் நிற்கின்றன. அதில் மூன்றாவது பேர், நாலாம் மாடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற, எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி. இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் என்றால் விதி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் விளங்கவில்லை.

என் மகனிடம் கேட்டேன், நான் போனால் இந்தத் துண்டு உனக்கு வேண்டுமா என்று. "பைண்ட்வீட்டோடையா?" என்றான்.

2025 மே 4

ஐரிஷ்காரரின் மகளைப் பற்றி ஒரு பின்குறிப்பு. அவ பட்டியலில் பதிந்துவிட்டா. அதோடு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, வாசல் பூட்டுக்கும் தொட்டி கழுவவும் சனிக்கிழமை வருகிறா. அதற்கு யாரும் காத்திருக்கத் தேவையில்லை. இதை நான் முதலிலேயே யோசித்து அவவுக்குச் சொல்லியிருக்கலாம்.

2025 ஒக்டோபர் 19

கேள்வி கேட்டவர் ஒன்றரை வருஷம் கழித்து வந்து தகவல் போட்டிருக்கிறார், நன்றி. ஷெட் 6க்கு 8, கோழி மூன்று, சேவல் இல்லை, முக்கால்வாசி கொத்தியாகிவிட்டதாம். மச்சான் தன் பேரில் தனியாகப் பதிந்து காத்திருக்கிறாராம். வாடகை கட்டினால் போதும் என்று அவர் இப்போதும் சொல்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு இந்த வருஷப் பில் வந்துவிட்டது, 84 பவுண். நேற்று உள்ளி அறுபது பல் ஊன்றினேன். வரிசை பிசகாமல் நூல் கட்டி, பல்லுக்குப் பல் ஒரு சாண். காலையில் போய்ப் பார்த்தால் புறா இரண்டைக் கிளப்பி வரம்பில் போட்டிருக்கிறது. திருப்பி ஊன்றிவிட்டு, வலை எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறேன்.